கேம்கோடர் கேசட், மெமரி கார்டு: கணினியில் ஏற்றி வைப்பது எப்படி?

வாசல்கோலம் (திருநெல்வேலி):
வணக்கம். அப்பா எடுத்த மினிடிவி (சின்ன டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகள் இருபதுக்கு மேல் பீரோவில் இருக்கின்றன. அந்த சோனி கேமரா இன்னும் ஓடுகிறது. பின்னர் வாங்கிய, ஏவிசிஎச்டி என்ற வடிவில் கார்டில் பதியும் கேமராவின் மெமரி கார்டுகளும் உள்ளன. கேசட்டுகளை எம்பி4 ஆக்கி பென் டிரைவில் தருவதாக ஒரு ஸ்டுடியோவில் சொல்கிறார்கள். கார்டில் எம்டிஎஸ் என்ற வீடியோ கோப்புகளை மட்டும் எடுத்தால் போதும் என்கிறான் தம்பி. அவன் எடுத்துத் தந்ததில் அக்காவின் அரங்கேற்றம் பல துண்டுகளாகக் கிடக்கிறது. துண்டு மாறும் இடத்திலெல்லாம் ஜதி ஒரு கணம் அறுந்து ஒலிக்கிறது. கேமராவில் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. என்ன செய்யலாம்? வீட்டில் விண்டோஸ் மேசைக் கணினி இருக்கிறது.

கல்யாணவீடியோ (மதுரை):
தம்பி சொன்னது பாதிதான் சரி, அம்மா. அந்தக் காலத்துக் கார்டுகள் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் இருந்தவை. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. ஆகவே நீண்ட பதிவைக் கேமராவே வெட்டி வெட்டி எழுதும்; சில மாடல்கள் 2 ஜிபியிலேயே வெட்டிவிடும். எதற்குப் பின் எது என்ற குறிப்பு கார்டிலுள்ள பிடிஎம்வி கோப்புறைக்குள் தனியாக இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் கேமரா தடங்கலின்றி ஓட்டுகிறது. வெட்டு விழும் இடத்தில் படமும் ஒலியும் ஒரே புள்ளியில் முடிவதில்லை. துண்டுகளைத் தனித்தனியே எடிட்டிங்கில் அடுக்கினால் ஓரத்து ஒலி உதிர்ந்துவிடும். உங்கள் ஜதி அங்கேதான் போயிற்று. துண்டுகளை வரிசை மாறாமல் பைட்டோடு பைட்டாக ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விண்டோஸ் கட்டளைத் திரையில் காப்பி கட்டளையை பைனரி முறையில் (copy /b) கொடுத்தாலே போதும்.

ஒட்டுவது பிறகு. முதலில் ஒவ்வொரு கார்டையும், உள்ளே எதையும் தொடாமல், முழுதாக ஒரு கோப்புறையில் நகலெடுங்கள். ஒரு கார்டுக்கு ஒரு கோப்புறை. கார்டை ஃபார்மட் செய்தால் பல கேமராக்கள் மறுபடி 00000 என்றே எண்ணத் தொடங்கும். இரண்டு கார்டை ஒரே இடத்தில் கொட்டினால் பிள்ளையின் காதுகுத்து மேல் அக்காவின் அரங்கேற்றம் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கேசட்டுக்கு வருகிறேன். என் தொழில்காரர்களை நானே குறை சொல்வது அழகில்லை, இருந்தாலும் அந்த ஸ்டுடியோவில் ஒன்று கேளுங்கள்: ஃபயர்வயரில் (கேமராவின் டிஜிட்டல் இணைப்பு) இறக்குவார்களா, டிவிக்குப் போடும் ஏவி ஒயரிலா? மினிடிவியில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயரில் அது அப்படியே வந்து சேரும். ஏவி ஒயரில் போனால் அனலாகாகி, திரும்ப டிஜிட்டலாகி, கடைசியில் எம்பி4 ஆக நசுங்கும். படம் பிடித்த தேதியும் நேரமும் வழியிலேயே தொலையும்.

நீங்களே செய்யலாம். மேசைக் கணினியில் ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் பொருத்துங்கள். கேமராவில் ஐ-லிங்க் (ஃபயர்வயருக்கு சோனி வைத்த பெயர்) என்று எழுதிய சின்ன நான்கு பின் துளை இருக்கும். பக்கத்திலுள்ள யுஎஸ்பி துளையை நம்ப வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் அது புகைப்படத்துக்கு மட்டும். வின்டிவி என்ற பழைய இலவச மென்பொருள் போதும். ஒரு மணி நேரக் கேசட் ஒரு மணி நேரம் ஓடித்தான் தீரும். எல்பி (லாங் பிளே, அதாவது மெதுவாக ஓடும்) வேகத்தில் எடுத்த கேசட்டை, எடுத்த கேமராவிலேயே ஓட்டுவது நல்லது. கேசட்டின் சாளரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். ஹெட்டில் அப்பி அடுத்த கேசட்டையும் கெடுக்கும்.

பைட்டுப்பிரியன் (கோவை):
மணிக்கு சுமார் 13 ஜிபி வருமே ஐயா. இருபது கேசட்டுக்கு 260 ஜிபி. எச்.265 என்ற சுருக்க முறைக்கு மாற்றினால் பத்தில் ஒரு பங்கில் அடங்கிவிடாதா?

கல்யாணவீடியோ (மதுரை):
பார்ப்பதற்கு ஆக்குங்கள், யார் வேண்டாம் என்றது? மூலத்தை அழிக்காதீர்கள் என்கிறேன். 260 ஜிபி இன்றைய 1 டிபி வட்டில் மூலையில் கிடக்கும். கேசட் படம் 720க்கு 576, ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகள் கொண்டது. அந்த வரிகளைத் தவறாகச் சேர்த்து நொடிக்கு 25 ஃபிரேமாகச் சுருக்கிவிட்டால், ஓடுகிற குழந்தையின் கை சீப்புப் பல்லாகத் தெரியும். நாளை நல்ல மென்பொருள் வந்தாலும் திருத்த முடியாது.

வாசல்கோலம்:
மிக்க நன்றி ஐயா. கார்டைத் தம்பியின் மேக்கில் செருகினால் ஏவிசிஎச்டி என்று ஒரே ஒரு கோப்பு மட்டும் தெரிகிறது. மற்றவை எங்கே? கேசட்டையும் அதிலேயே இறக்கலாமா?

கல்யாணவீடியோ (மதுரை):
அது கோப்புறைதான், மேக் அதை ஒரே கோப்பாகக் காட்டுகிறது. திறக்க வேண்டாம், அதைச் சுற்றியுள்ள ப்ரைவேட் கோப்புறையோடு அப்படியே இழுத்து வட்டில் போடுங்கள். கேசட்டுக்கு மேக் வேண்டாம். மேக்ஓஎஸ் 26இல் ஃபயர்வயரையே எடுத்துவிட்டார்கள். வட்டு இரண்டாக இருக்கட்டும், ஒன்று அக்கா வீட்டில். இரண்டிலும் செக்சம் (கோப்பின் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு கார்டை அழியுங்கள். கேசட்டை அழிக்கவே வேண்டாம்.