எலி மருந்துக் கட்டி தின்ன பொமரேனியன் நல்லாத்தான் இருக்கா, மாத்திரையை நிறுத்தலாமா?

செம்பூர்க்காரி:
எங்க ரவைக்கு நாலு வயசு, நாலே கிலோ. மழை பிடிக்கறதுக்கு முன்னாடி சொசைட்டி முழுக்க எலி மருந்து வெச்சாங்க. வந்த ஆள் வாஷிங் மெஷினுக்குப் பின்னாலயும் ரெண்டு நீலக் கட்டி செருகிட்டுப் போனது எங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை, எனக்கு அரை நாள் ஆபீஸ். வந்து பார்த்தா ரவை வாயோரம் நீலமா இருக்கு, ஒரு கட்டியைக் காணோம். வாட்ச்மேன்கிட்ட இருந்த காலி பாக்கெட்டை வாங்கிக்கிட்டு ஆட்டோவுல ஓடினேன். ப்ரோமாடியோலோன் 0.005 சதவீதம்னு அதுல போட்டிருந்தது. டாக்டர் வாந்தி எடுக்க வெச்சு, கரிக் கரைசல் கொடுத்து, ரத்தம் உறைய உதவற வைட்டமின் கே1 மாத்திரை 28 நாளைக்கு எழுதினார்.

இன்னிக்கு 9 நாள் ஆச்சு. ஒரு துளி ரத்தம் வரலை. மாமியார், "குதிரை மாதிரி ஓடுது, இன்னும் எதுக்கு மாத்திரை?"ங்கறார். மூணு கடை ஏறி இறங்கி வாங்கின மாத்திரை வேற, விலையும் கொஞ்சமில்லை. நிறுத்திடலாமா?

கோலிவாடா தம்பி:
அக்கா, நிறுத்தாதீங்க. போன வருஷம் இதே தப்பை நான் பண்ணினேன். என்னோடது டாஷ்ஹண்ட். 12-ம் நாள், நல்லாத்தானே இருக்கான்னு விட்டுட்டேன். நாலு நாள் கழிச்சுக் காலையில எழுந்திருக்கவே இல்லை. ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, மூச்சு மட்டும் வேகமா ஓடுது. எக்ஸ்ரேயில நெஞ்சுக்குள்ள ரத்தம் தேங்கியிருந்தது. பிளாஸ்மா ஏத்திக் காப்பாத்தினாங்க. வெளியே ஒரு சொட்டு ரத்தம் நான் பார்க்கலை.

அப்போதான் டாக்டர் புரிய வெச்சார். ரத்தத்துல ஏற்கனவே இருக்கிற உறைய வைக்கிற சத்தை இந்த எலி மருந்து தொடாது. ஈரல் புதுசா செய்யறதைத்தான் முடக்கும். இருக்கிற கையிருப்பு தீர 3 முதல் 5 நாள் ஆகும். அதுவரைக்கும் நாய் ஆடும், பாடும். எலி மருந்து ஈரல்லயே வாரக்கணக்கா உட்கார்ந்திருக்கும். ரவை இப்ப ஓடறது மாத்திரையோட தயவுல, அக்கா.

கடைசி மாத்திரை கொடுத்து 48 மணி நேரம் கழிச்சு, ரத்தம் உறையற நேரம் பார்க்கற பி.டி. டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. அது சரியா இருந்தாத்தான் முடிஞ்சதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் சோபாவுல ஏறிக் குதிக்க விடாதீங்க. எலும்பு கடிக்க வேண்டாம். மலம் தார் மாதிரி கறுத்தாலோ, இருமினாலோ, விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

அந்தேரி பெரியவர்:
ஒரு கட்டிக்கு இவ்வளவு அமர்க்களமா? எங்க காலத்துல உப்புத் தண்ணியைக் கரைச்சு ஊத்துவோம், கக்கிடும், முடிஞ்சது.

மாட்டுங்கா கம்பவுண்டர்:
பெரியவரே, கோபப்படாதீங்க, 20 வருஷம் மிருக ஆஸ்பத்திரியில மருந்து கலக்கினவன் சொல்றேன். உப்புத் தண்ணியே சின்ன நாயைக் கொன்னுடும். ரத்தத்துல சோடியம் ஏறி வலிப்பு வந்துடும். மண்ணெண்ணெய், ஆசிட் மாதிரி எதையாவது குடிச்சிருந்தா வாந்தி எடுக்க வைக்கவே கூடாது.

எலி மருந்தும் ஒரே ஜாதி இல்லை. கறுப்புப் பொடியா வர்றது ஜிங்க் பாஸ்பைட். அதுக்கு மாற்று மருந்தே கிடையாது. வயித்து அமிலத்துல பட்டதும் விஷ வாயு கிளம்பும். பாவமேன்னு பாலும் தயிர் சாதமும் ஊட்டினா அமிலம் இன்னும் சுரக்கும். வாந்தியில வர்ற வாயு மனுஷனுக்கும் ஆபத்து, அதனால ஜன்னலைத் திறந்துடணும். செம்பூரம்மா பாக்கெட்டைத் தூக்கிட்டு ஓடினதுதான் பாதி வைத்தியம்.

30 கிலோ லாப்ரடார் தின்னா லேசா போயிடற அளவு, நாலு கிலோவுக்கு மலை. பாயசத்துல கிடக்கிற உலர் திராட்சை கூட சிறுநீரகத்தை அடிச்சிடும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்ல சைலிட்டால்ங்கற இனிப்பு இருந்தா, அரை மணியிலேயே ரத்தத்துல சர்க்கரை சரிஞ்சு நாய் தள்ளாடும். காய்ச்சல்னு நம்ம பாராசிட்டமாலையோ, வலின்னு இபுப்ரோஃபெனையோ கொடுக்காதீங்க. ரவைக்கு இப்ப இபுப்ரோஃபென் இரட்டை ஆபத்து, ரத்தக்கசிவைக் கூட்டும்.

இன்னொண்ணு, கே1 கொழுப்போட போனாத்தான் நல்லா உடம்புல சேரும். சாப்பாட்டுல கால் ஸ்பூன் நெய் போதும். பாசத்துல கரண்டியால ஊத்தினா கணையம் வீங்கிடும். கடைக்காரர் வைட்டமின் கே-யிலேயே வேற வகையான கே3 இருக்குன்னு நீட்டினா வாங்காதீங்க, இந்த விஷத்துக்கு அது உதவாது.

செம்பூர்க்காரி:
கோலிவாடா தம்பி எழுதினதை மாமியாருக்கு வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லலை. எழுந்து போய் மெஷினை இழுத்துப் பார்த்து, மிச்சமிருந்த இன்னொரு கட்டியைக் காகிதத்துல சுத்தி எடுத்துட்டு வந்தார். நான் மறந்தே போயிருந்தேன்! இப்ப நெய் இட்லிக்குள்ள மாத்திரையைப் புதைக்கிற வேலை அவரோடது. ரவை இட்லியைத் தின்னுட்டு மாத்திரையைத் துப்பறா, அவர் திரும்பப் புதைக்கிறார். இன்னும் 19 நாள்.