கழுத்தில் மட்டும் ஷேவிங் தடிப்பு: எங்கே தவறு செய்கிறேன்?

காலர்_உரசல்:
வணக்கம். வேலைக்காகத் தினமும் ஷேவ் செய்தாக வேண்டும். கன்னத்தில் ஒன்றும் இல்லை, எல்லாத் தொல்லையும் தாடைக்குக் கீழேதான். ஷேவ் செய்த கால் மணி நேரத்தில் சிவந்து எரிகிறது. மறுநாள் பொரிப்பொரியாகக் கிளம்புகிறது. சட்டைக் காலர் பட்டாலே வலி. ஃபோமை விட்டு ஜெல்லுக்கு வந்தேன், ஆஃப்டர் ஷேவை இரண்டு முறை மாற்றினேன், மூன்று பிளேடு ரேசரை ஐந்து பிளேடாக்கினேன். ஐந்து பிளேடுக்குப் பிறகு கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. என் தோலே இப்படித்தானா?

பழைய_ரேசர்:
தோலைத் திட்டாதீர்கள் நண்பரே, ஐந்து பிளேடு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. முன்னால் போகும் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், பின்னால் வருவது வெட்டும். வெட்டுப்பட்ட முனை தோல் மட்டத்துக்குக் கீழே போய் நின்றுகொள்ளும். அந்த வழவழப்பு இப்படித்தான் வருகிறது. சுருட்டை முடி என்றால் அது வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். உடம்பு அதை முள் தைத்த மாதிரி எடுத்துக்கொண்டு வீங்கும்.

உங்களுக்குச் சுருட்டை முடியா? எந்தத் திசையில் இழுக்கிறீர்கள்? பிளேடு எத்தனை நாள் ஓடுகிறது?

காலர்_உரசல்:
நல்ல சுருட்டை. கீழிருந்து மேலே, இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் மூன்று நான்கு தடவை. பிளேடு... மழுங்கும் வரை. ஒரு மாதத்துக்கு மேலேயே ஓடும். குளியலறையில் ஈரத்தோடுதான் கிடக்கும்.

பழைய_ரேசர்:
கேட்காததையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் :)

இரண்டு நாள் ஷேவ் செய்யாமல் விட்டு, கண்ணாடி முன் நின்று கழுத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரல் வழுக்கிக்கொண்டு போகும் திசைதான் முடி வளரும் திசை, சொரசொரவென்று தடுத்தால் எதிர்த்திசை. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும். கழுத்தில் அப்படி ஒரே சீராக இருக்காது. எனக்குக் குரல்வளைக்கு மேலே கீழ்நோக்கி, அதற்குக் கீழே மேல்நோக்கி, வலது ஓரத்தில் சுழி. ஒரு தாளில் கழுத்தை வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடியில் ஒட்டினேன். வீட்டில் சிரித்தார்கள், பரவாயில்லை.

அப்புறம், குளித்து முடித்தவுடன் ஷேவ் செய்யுங்கள். நீர் இழுத்த முடி மென்மையாக இருக்கும், எளிதில் வெட்டுப்படும். ஜெல்லைத் தடவி இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிட்டு, வளரும் திசையிலேயே, அழுத்தாமல், ஒரே இழுப்பு. தோலை இழுத்துப் பிடிக்க வேண்டாம், பிடித்தால் முடி இன்னும் ஆழத்தில் வெட்டுப்படும். ஒவ்வொரு இழுப்புக்கும் ரேசரை அலசுங்கள். ஐந்து முதல் ஏழு ஷேவுக்குள் பிளேடை மாற்றிவிடுங்கள், காய்ந்த இடத்தில் வையுங்கள். ஒற்றை பிளேடு ரேசர் இன்னும் நல்லது.

எரிந்தால்_நல்லது:
முடிந்ததும் படிகாரம் தேய்த்துவிட்டு ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர் ஷேவ் போடுங்கள் ப்ரோ. எரியும், ஆனால் கிருமி சாகும்.

மெதுவாக_இழு:
அண்ணா, ஏற்கெனவே எரிகிற கழுத்தில் அது வேண்டாமே. வெட்டுக்காயத்தில் ரத்தம் நிற்கப் படிகாரம் உதவும், சரி. ஆனால் ஸ்பிரிட் தோலை உலர்த்தி எரிச்சலைக் கூட்டும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் ஒற்றிவிட்டு, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் போட்டால் போதும்.

அக்குள்_அவதி:
பெண்களுக்கும் இது பொருந்துமா? எனக்கு அக்குளில் இதே கதை.

மெதுவாக_இழு:
பொருந்தும் தோழி. அக்குளில் முடி பல திசையில் வளரும், அதனால் சிறு சிறு இழுப்பாகப் போங்கள். இறுக்கமான துணியும் உடனே டியோடரண்ட்டும் வேண்டாம்.

தோல்_மருத்துவ_மாணவர்:
இரண்டு எச்சரிக்கை. கொப்புளத்துக்குள் முடி வளையம் மாதிரி தெரிந்தாலும் கிள்ளியோ பிடுங்கியோ எடுக்காதீர்கள், தழும்பும் கருமையும் நிற்கும். கையில் கிடைத்த ஸ்டீராய்டு கிரீமை நாள்கணக்கில் தடவாதீர்கள். தாடிப் பகுதியில் படர்தாமரையும் வரும், அதன்மேல் ஸ்டீராய்டு பட்டால் இன்னும் பரவும். சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல், தடித்து வளரும் தழும்பு இருந்தால் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இவருக்கு இப்போதைக்கு ரேசரே வேண்டாம் என்பேன். தடிப்பு அடங்கும் வரை மூன்று நான்கு வாரம் டிரிம்மர் மட்டும், ஒரு மில்லிமீட்டர் முடி விட்டு. முனை வெளியே இருந்தால் உள்ளே குத்தாது.

காலர்_உரசல்:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நான்கு வாரம் டிரிம்மர்தான். முதல் வாரம் அலுவலகத்தில் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள், அப்புறம் யாரும் கவனிக்கவில்லை. இந்த வாரம் ஒற்றை பிளேடில் இரண்டு ஷேவ். எரிச்சல் இல்லை. தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கிறது, அதை விட்டுவிட்டேன்.

இடது காதுக்குக் கீழே இரண்டு பொரி மட்டும் புதிதாக. அங்கே முடி பக்கவாட்டில் வளர்கிறது என்று நானே அம்பு போட்டிருக்கிறேன். அவசரத்தில் பார்க்காமல் கீழ்நோக்கி இழுத்துவிட்டேன்.