லூகா டான்சிச் உழைக்கிறாரா? ஆட்டம் பார்த்துக் குறித்துத் தர ஆள் வேண்டும்

நண்பர்களே, 2023-24 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 33.9 புள்ளி எடுத்து என்பிஏ-வில் (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) முதலிடம் பிடித்தவர் டான்சிச். திறமையில் சந்தேகமே இல்லை, தடுப்பாட்டத்தில்தான் வாக்குவாதம். 2024 இறுதிச் சுற்றில் எதிரணியான பாஸ்டன் அவரையே குறிவைத்துத் தாக்கியது. மூன்றாவது ஆட்டத்தில், நான்கு நிமிடத்துக்கு மேல் மீதமிருக்க, ஆறாவது ஃபவுலோடு (விதிமீறல்; ஆறானால் ஆட முடியாது) வெளியேறினார்.

அவர் நடுவரிடம் முறையிட்டு நிற்கும் நேரத்தில் எதிரணி ஐந்து பேர், நம்மவர் நால்வர் என்றாகிவிடுகிறது. பெரிய ஓட்டை இதுதான். ஆனால் தாக்குதல் முழுக்கப் பந்தைச் சுமப்பவருக்குக் களைப்பும் உண்டே! சோம்பலா, களைப்பா?

முழு ஆட்டக் காணொளி வைத்திருப்பவர்கள் உதவுங்கள். பந்து பறிபோனதும் முதல் மூன்று அடி ஓடுகிறாரா, நடக்கிறாரா? முதல் கால்பகுதி, கடைசிக் கால்பகுதி இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். முதல் கால்பகுதியிலேயே ஓடாமல் நடந்தால் அது களைப்பு அல்ல. டைம்-அவுட்டில் (அணி கேட்கும் சிறு இடைவேளை) சக வீரர்களிடம் பேசுகிறாரா என்பதும் வேண்டும்.