மறு: டிவிடி பிளேயர்: வட்டியக்கியா, வட்டோட்டியா?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டு மின்பொருள் கையேட்டில் அடுத்த பக்கம் ‘டிஸ்க் பிளேயர்’. படிக்கப்போகிறவர் கையைக் கடிக்காத விலையில் ஒன்று தேடுகிறவர். வீட்டில் பாட்டு சிடி ஒரு பெட்டி நிறைய இருக்கும், கல்யாண விசிடி இரண்டு மூன்று, பட டிவிடிகள் சில. எதை வாங்கலாம் என்று எழுத உட்கார்ந்தால் பொருளின் பெயரிலேயே பேனா நிற்கிறது. இதுவரை வந்த சொற்கள்: வட்டியக்கி, வட்டுச் சுழற்றி, ஒளிவட்டு இசைப்பி, வட்டு வாசிப்பி. ஏற்கெனவே புழங்குகிறது என்பதால் என் சாய்வு வட்டியக்கி பக்கம். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். ‘காதுக்கு நன்றாக இல்லை’ என்பதை மட்டும் காரணமாக ஏற்பதாக இல்லை.

— தொகுப்பாளர்

----

> ஏற்கெனவே புழங்குகிறது என்பதால் என் சாய்வு வட்டியக்கி

ஐயா, புழங்குகிறது, உண்மைதான். வேறு பொருளுக்குப் புழங்குகிறது, அதுதான் சிக்கல். கணினிக்காரர்கள் ‘டிரைவர்’ என்னும் மென்பொருளுக்கு இயக்கி என்கிறார்கள். ‘டிரைவ்’ என்னும் கருவிக்குச் சிலர் இயக்ககம், சிலர் அதற்கும் இயக்கி. இப்போது பிளேயரையும் அங்கேயே கொண்டு போய் வைத்தால் மூன்று பொருளுக்கு ஒரே பெயர்.

இது ஏட்டுச் சண்டை இல்லை, காசு போகிற விஷயம். இணையக் கடைகளில் மெல்லியதாக, கைக்கு அடக்கமாக, யுஎஸ்பி வாலோடு விற்பது டிரைவ். பிளேயரைவிட மலிவு. அதை வாங்கி டிவியின் யுஎஸ்பி துளையில் செருகிவிட்டு ‘படம் வரவில்லை’ என்று பட்டறைக்குத் தூக்கிவருகிறவர்கள் இன்றும் உண்டு. வராது. டிரைவ் வட்டிலுள்ள எண்களைப் படித்து அப்படியே கணினிக்குத் தள்ளும், அவ்வளவுதான். எண்களை விரித்துப் படமாகவும் ஒலியாகவும் ஆக்கும் சில்லு அதில் கிடையாது. டிவியின் யுஎஸ்பி துளை பென் டிரைவிலுள்ள கோப்புகளைத் தேடும். வட்டு டிரைவை அதற்கு அடையாளமே தெரியாது. பிளேயர் அப்படியல்ல: வட்டைச் சுழற்றும், படிக்கும், விரிக்கும், டிவிக்கான குறிகையாக (சிக்னலாக) வெளியே விடும்.

ஆக நமக்கு வேண்டிய சொல் கடைசி இரண்டு வேலையைக் காட்ட வேண்டும். சுழற்றி விழுந்துவிடும், டிரைவும் சுழற்றத்தான் செய்கிறது. வாசிப்பியும் விழும். வீணை வாசிப்பது, புத்தகம் வாசிப்பது என்று அந்த வினைக்கே இரட்டைப் பொருள். எந்தப் பிழையைத் தடுக்கப் பார்க்கிறோமோ அதையே உள்ளே அழைத்துவரும். இசைப்பி பாட்டோடு நின்றுவிடும். வாடிக்கையாளர் வாயில் வருவது என்ன? “படம் ஓடுது, பாட்டு ஓடல.” “இந்த சிடி ஓடுமா?” எனவே என் பரிந்துரை வட்டோட்டி. டிரைவுக்கு வட்டியக்ககம் இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், கடையில் ‘லென்ஸ்’, ‘ஹெட்’ என்று சொல்லும் உறுப்புக்கு. லென்ஸ் அதன் ஒரு பகுதிதான். ஒளிமூலம், வில்லை, திரும்பும் ஒளியை உணரும் சில்லு, வில்லையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைக்கும் நுண்சுருள் எல்லாம் சேர்ந்த தொகுதி அது. படிமுனை என்று வைக்கலாம். சொல் எதுவானாலும், பழைய பெட்டி வாங்குகிறவர் சோதிக்க வேண்டிய முதல் உறுப்பு இது.

டிவிடி வட்டோட்டியின் படிமுனையில் இரண்டு ஒளிமூலங்கள் உண்டு: சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. இரண்டும் ஒரே நாளில் சாவதில்லை. ‘டிவிடி ஓடுகிறது, சிடி ஓடவில்லை’ என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் விளக்கம். விற்பவர் ஒரு பட டிவிடியைப் போட்டுக் காட்டிவிட்டுக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். நான்கு வட்டுகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும்:

அச்சிட்ட பாட்டு சிடி. போட்டதும் கடைசிப் பாட்டுக்குத் தாவுங்கள். சிடி உள்விளிம்பில் தொடங்கி வெளிவிளிம்பில் முடிவது. வெளியே போகப் போக வட்டின் ஆட்டம் கூடும். சுழல் மோட்டார் தேய்ந்திருந்தாலும் படிமுனை நகரும் தண்டில் மசகு காய்ந்திருந்தாலும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் எழுதிய சிடி-ஆர். இதன் சாயப்பூச்சு அகச்சிவப்புக்கென்றே செய்தது, திருப்பும் ஒளியும் அச்சு வட்டைவிடக் குறைவு. அச்சு சிடி ஓடி இது ஓடாவிட்டால் அகச்சிவப்பு மூலம் தளர்ந்துவருகிறது என்று கொள்ளலாம்.

இரட்டை அடுக்கு டிவிடி, அதாவது 8.5 ஜிபி உள்ள நீளமான படம். முதல் அடுக்கு முடிந்து இரண்டாவதற்கு மாறும் இடம் பெரும்பாலான பட வட்டுகளில் வெளிவிளிம்பு. அங்கே கண்ணிமைக்கும் நேரம் படம் நிற்பது இயல்பு. கட்டம் கட்டமாகச் சிதைந்தாலோ உறைந்தாலோ வேண்டாம்.

நான்காவது, உங்கள் வீட்டு விசிடி.

தட்டு வெளியே வரத் திணறினால் பயப்பட வேண்டியதில்லை. உள்ளே ஒரு சிறு ரப்பர் பட்டை தளர்ந்திருக்கும், மாற்றச் செலவு சொற்பம். விலையைக் குறைக்க அதையே காரணம் காட்டலாம். ‘நோ டிஸ்க்’ என்று வந்தால் முதலில் வில்லையில் தூசி. பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, உதறி, அழுத்தாமல் துடைக்க வேண்டும். தின்னர், நகப்பூச்சு அகற்றி இரண்டும் கூடாது. வில்லை பிளாஸ்டிக், வெளுத்துவிடும். துடைத்தும் சரியாகாவிட்டால் சிலர் படிமுனையின் ஓரத்துச் சின்னத் திருகைத் திருப்பி ஒளியைக் கூட்டிக் கொடுப்பார்கள். கொஞ்ச நாள் ஓடும், பிறகு மூலமே எரிந்துபோகும். விற்பதற்கு முந்தின நாள் அப்படித் திருகிய பெட்டிகளும் சந்தைக்கு வருகின்றன.

புதுப் படிமுனை மாட்டுகிறவர்களுக்கு ஒரு வரி: நிலைமின்சாரம் தாக்காமலிருக்க அதில் ஒரு புள்ளியை ஈயம் வைத்து இணைத்து அனுப்புவார்கள். பட்டை வடத்தைச் செருகிய பிறகு அந்த ஈயத்தை எடுத்தால்தான் வேலை செய்யும். இதை மறந்துவிட்டுப் ‘புதுசும் பழுது’ என்று திருப்பி அனுப்புவது பட்டறைகளில் சாதாரணம்.

— பட்டறையிலிருந்து

----

வணக்கம். ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன்.

வட்டு என்பதில் எங்களுக்குத் தயக்கமில்லை. இலங்கையில் சிடியை இறுவட்டு என்றுதான் எழுதிப் பழக்கம், தமிழ்நாட்டில் குறுந்தகடு. தகட்டைவிட வட்டு பொருத்தம். 1.2 மில்லிமீற்றர் தடிப்பு முழுவதும் பொலிகாபனேற் பிளாஸ்டிக், உலோகம் அதன்மேல் மிக மெல்லிய பூச்சு மட்டும்தான். என்னுடைய தடை ஓட்டி மீதுதான். வண்டியோட்டி, விமானவோட்டி என்றால் ஆள். வட்டோட்டி என்றதும் வட்டை ஓட்டுகிற ஒரு மனிதர் அல்லவா கண்ணில் தெரிகிறார்?

சொல் எதுவானாலும் உங்கள் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை வேண்டும். வட அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் பிளேயர் இலவசம் என்றாலும் இலாபம் என்று சொல்ல முடியாது. முதலில் பின்புறத் தகட்டைப் பாருங்கள். 100–240 வோல்ற்று என்று இருந்தால் செருகியை மட்டும் மாற்றினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால் இந்திய, இலங்கை மின்சாரத்தில் நேரே போட்டதும் புகை வரும். இரண்டாவது, இங்கே விற்கும் பல பிளேயர்கள் என்ரிஎஸ்சி (NTSC) என்னும் வட அமெரிக்கத் தொலைக்காட்சிப் படமுறையை மட்டும் ஓட்டும். நொடிக்கு 25 படச்சட்டம், 576 வரி உள்ள பால் (PAL) என்னும் இந்திய, இலங்கை முறை வட்டைப் போட்டால் மறுத்துவிடும். மறுபக்கம், இந்தியாவில் விற்கும் பிளேயர்கள் பொதுவாக இரண்டையும் ஓட்டும். மூன்றாவது மண்டலக் குறி, எந்த நாட்டுப் பெட்டியில் வட்டு ஓடலாம் என்று பூட்டிவைக்கும் குறி: டிவிடிக்கு இங்கே 1, இந்தியாவுக்கு 5. டிவிடிக்குப் பின் வந்த, படம் இன்னும் தெளிவான புளூ-ரே வட்டில் இங்கே ஏ, இந்தியா சி. வெளிநாட்டுச் சந்தைக்கென்று வந்த பழைய தமிழ்ப்பட டிவிடிகளில் பல மண்டலக் குறி இல்லாதவை, அவை எங்கேயும் ஓடும். ஹொலிவூட் வட்டுகள்தான் முரண்டு பிடிக்கும்.

‘றீஜன் கோட்’ என்பதற்கு வட்டாரக் குறி என்று எழுதாதீர்கள், வட்டு இருக்கிற பக்கத்தில் வட்டாரமும் வந்தால் கண் இடறும்.

— ரொறன்ரோ

----

> வட்டை ஓட்டுகிற ஒரு மனிதர் அல்லவா

நியாயமான கேள்வி. ஆனால் ‘-இ’ ஈற்றுப் பெயர் ஆளுக்கு மட்டும் உரியதல்ல. குளிரூட்டி, ஒலிபெருக்கி, வெப்பமானி எல்லாம் கருவிகள். ஓட்டி மட்டும் ஏன் ஆளாகத் தெரிகிறது என்றால் அதோடு சேர்ந்து வருவது வண்டி, விமானம் என்பதால்தான். வட்டில் ஏறி யாரும் உட்காருவதில்லை. மண்டலக் குறி, ஏற்றுக்கொண்டேன்.

கையேட்டில் இன்னொரு சொல்லையும் இப்போதே தீர்க்க வேண்டும். பெட்டியின் மேல் ‘1080 அப்ஸ்கேலிங்’ (படத்தை 1080 வரியாகப் பெரிதாக்குவது) என்று போட்டிருக்கும். முந்தைய வரைவில் அதைத் ‘தர உயர்த்தல்’ என்று எழுதியிருந்தீர்கள். அது விளம்பரக்காரர் சொல். டிவிடியில் இருப்பது 576 வரி, என்டிஎஸ்சி என்றால் 480. இல்லாத விவரத்தை எந்தச் சில்லும் கொண்டுவர முடியாது, இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே கணக்குப் போட்டுப் புதுப் புள்ளி இட்டு நிரப்புகிறது. எச்டி டிவி எதுவும் தன் திரைக்கு ஏற்ப இதைத் தானாகவே செய்யும். புள்ளிப்பெருக்கம் என்று எழுதுங்கள். படிக்கிறவர் அதற்கென்று கூடுதல் விலை கொடுக்காமல் இருப்பார்.

அந்தப் பணத்தை எங்கே போடுவது? பின்பக்கத் துளைகளில். வீட்டில் பழைய குழாய் டிவி என்றால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றும் உள்ள டிவிடி வட்டோட்டி. புது டிவி என்றால் எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் ஒரே வடத்தில் போகும் துளை) உள்ளது. புளூ-ரே வட்டோட்டி சிடி, டிவிடி இரண்டையும் ஓட்டும், ஆனால் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. விசிடியை எல்லா புளூ-ரேயும் ஏற்காது. வட்டோட்டியோடு வரும் கையேட்டில் ‘ஓடும் வட்டுகள்’ பக்கத்தைப் பார்க்காமல் கல்யாண விசிடி வைத்திருப்பவர் வாங்கக் கூடாது. அடுத்தது, நகலெடுப்பதைத் தடுக்கும் காப்புரிமைப் பூட்டு விதிகளின்படி 2014 முதல் தயாரான புளூ-ரே வட்டோட்டிகளில் படத்துக்கு எச்டிஎம்ஐ மட்டும்தான். குழாய் டிவியில் போட இடைமாற்றி தேவை. அது எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு (மேலே சொன்ன மூன்று நிறத் துளைகளுக்கு) போவதாக இருக்க வேண்டும். எதிர்த்திசைக்கானதும் அதே அளவு, அதே நிறப் பெட்டியில்தான் வரும். திசையைப் படிக்காமல் வாங்கினால் திரை கறுப்பாகவே இருக்கும்.

பழைய புளூ-ரே வாங்குகிறவர் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, உள்மென்பொருள் (ஃபர்ம்வேர்) கோப்பு தயாரிப்பாளர் தளத்தில் இன்னும் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும். புது வட்டுகளின் பூட்டு மாறிக்கொண்டே இருக்கும். புதுப்பிக்காத பெட்டியில் பழைய படங்கள் ஓடும், புதுப் படம் ‘வட்டைப் படிக்க முடியவில்லை’ என்று நிற்கும். அதைப் படிமுனைக் கோளாறு என்று நினைத்து நல்ல படிமுனையைக் கழற்றிப்போடுகிறார்கள்.

4கே புளூ-ரே இந்த விலைக்குள் வராது, விட்டுவிடலாம். விளையாட்டுப் பெட்டி இருக்கிறதே என்பவர்களுக்கு: பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டும் பாட்டு சிடியை ஓட்டா. 5-இல் வட்டுத் துளை இல்லாத வகையும் உண்டு.

வாங்கி மாட்டியபின் வரும் புகார்களில் முக்கால்வாசி இரண்டு அமைப்புகளில் தீர்ந்துவிடும். படம் வருகிறது, ஒலி இல்லை என்றால் வட்டில் டிடிஎஸ் என்னும் சுருக்கிய ஒலித் தடம் ஓடுகிறது, டிவிக்கு அது புரியவில்லை. ஒலி வெளியீட்டை ‘பிட்ஸ்ட்ரீம்’ (விரிக்காமல் அனுப்புவது) என்பதிலிருந்து ‘பிசிஎம்’முக்கு (விரித்து அனுப்புவது) மாற்றுங்கள். மலிவு டிவிடி வட்டோட்டிக்கு டிடிஎஸ்ஸை விரிக்கத் தெரியாது என்றால் வட்டின் ஒலிப் பட்டியலிலேயே டால்பி என்னும் இன்னொரு வகைத் தடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அகலத்திரை டிவியில் ஆட்கள் குட்டையாகப் பருத்துத் தெரிந்தால் வட்டோட்டியின் அமைப்பில் டிவி வகை 4:3 என்று இருக்கிறது, 16:9 ஆக்குங்கள்.

யுஎஸ்பி துளை இருந்தால் பென் டிரைவை எஃப்ஏடி32 (FAT32) முறையில் வடிவமையுங்கள் (ஃபார்மட் செய்யுங்கள்). அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிவிடி வட்டோட்டிகளில் பெரும்பாலானவை இன்றைய எம்கேவி வகைப் படக் கோப்புகளை ஓட்டா. ‘யுஎஸ்பி உண்டு’ என்பதை நம்பி வாங்குகிறவர் ஏமாறும் இடம் இது.

— பட்டறையிலிருந்து

----

வட்டோட்டி பக்கம் சாய்ந்துவிட்டேன். வரைவுப் பதிவுகள்:

வட்டோட்டி: ஒளிவட்டைச் சுழற்றிப் படித்து, விரித்து, டிவிக்கோ ஒலிபெருக்கிக்கோ தானே குறிகை தரும் தனிக்கருவி. பின்புறம் எச்டிஎம்ஐ, ஏவித் துளைகளில் ஒன்றேனும் இருக்கும்.

வட்டியக்ககம்: வட்டைப் படித்துக் கணினிக்குத் தரும் கருவி. யுஎஸ்பி வடம் மட்டும் இருந்தால் இதுதான். டிவியில் செருக வாங்க வேண்டாம்.

படிமுனை: வட்டோட்டி, வட்டியக்ககம் இரண்டிலும் உள்ள ஒளிமூலம், வில்லை, உணரி சேர்ந்த தொகுதி. கடை வழக்கு: லென்ஸ், ஹெட்.

மண்டலக் குறி, புள்ளிப்பெருக்கம் இரண்டும் சொன்னபடியே.

ரொறன்ரோ நண்பருக்கு: மின்னழுத்த எச்சரிக்கையைப் பக்கத்தின் உச்சியில் கட்டம் கட்டிப் போடுகிறேன். ‘பிட்ஸ்ட்ரீம்’ மட்டும் பாக்கி. விரிக்காமல் அப்படியே கடத்துவது என்ற பொருள் வர வேண்டும். ‘பிட்டோட்டம்’ என்று எழுதினால் சமையல் குறிப்பாகிவிடும் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது ஒன்று சொன்னால் இந்தப் பதிப்பிலேயே சேர்த்துவிடலாம்.

— தொகுப்பாளர்