சான் ஹசின்டோ மலை ரோப்கார்: கட்டியது சரிதானா?

மலைவழி:
கலிபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் ஊரை ஒட்டிய சினோ கேன்யன் பள்ளத்தாக்கிலிருந்து சான் ஹசின்டோ மலைக்கு ஏறுகிற ரோப்கார், மலையை அதிகம் சேதப்படுத்தாமல் மனிதன் மேலே போன வழிகளில் மிகச் சிறந்தது என்பது என் கருத்து. கீழ் நிலையம் 2,643 அடியில், மேல் நிலையம் 8,516 அடியில் இருக்கிறது. நடுவில் ஐந்தே டவர்கள். கள்ளிச்செடிகளுக்கு நடுவே ஏறினால் பத்து நிமிடம் கழித்து பைன் மரங்களுக்கு நடுவே இறங்கலாம்.

1935ல் ஃபிரான்சிஸ் கிராக்கர் என்ற இளம் மின்பொறியாளர் பாலைவன வெயிலில் போகும்போது பனி மூடிய சிகரத்தைப் பார்த்து இந்த யோசனையைச் சொன்னார். ‘கிராக்கரின் கிறுக்குத்தனம்’ என்று பேசினார்கள். போர்களால் வேலை தள்ளிப்போனது. கடைசியில் 1963 செப்டம்பரில்தான் ஓடத் தொடங்கியது. ஐந்து டவர்களில் முதலாவதுக்கு மட்டும்தான் சாலை உண்டு. மற்ற நான்குக்கும் மேல் நிலையத்துக்கும் வேண்டிய ஆட்கள், இரும்பு, கான்கிரீட் எல்லாம் ஹெலிகாப்டரில் போயின. 26 மாதத்தில் சுமார் 23,000 நடை! அந்தப் பாறைச்சரிவில் ஒரு சாலை வெட்டியிருந்தால் அந்த வடு இன்றும் கண்ணை உறுத்தும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காட்டுவாசம்:
எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நீங்கள் கட்டிய விதத்தைப் புகழ்கிறீர்கள். கட்டியிருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

அது ஒரு மாநிலப் பூங்கா. சாலை போகாத உயரத்தில் காடு காடாகவே இருக்கட்டும் என்றுதான் அன்றைய இயற்கை ஆர்வலர்கள் இந்தத் திட்டத்தை எதிர்த்தார்கள். ஆளுநர் கல்பர்ட் ஓல்சனும் மசோதாவில் கையெழுத்திட மறுத்தார். பிறகு வந்த ஏர்ல் வாரன்தான் 1945ல் கையெழுத்திட்டார். மலை யாருக்கும் மூடப்பட்டிருக்கவும் இல்லை. மேற்குப் பக்கம் இடில்வைல்ட் ஊரிலிருந்து நடந்து ஏற எப்போதும் பாதை உண்டு. நடக்கிற சிரமத்தை எடுத்துவிட்டு, 35,000 சதுர அடியில் ஒரு கட்டடத்தை மேலே வைத்தார்கள். 23,000 நடை ஹெலிகாப்டர் பறந்த அந்த 26 மாதத்தில் அங்கிருந்த விலங்குகள் எங்கே போயின என்று யாராவது கேட்டார்களா?

எஃகுவடம்:
நான் கேபிள் சோதனை வேலையில் இருப்பவன். ஐந்து டவர் எப்படிப் போதும் என்பதைச் சொன்னால் விவாதம் கொஞ்சம் தெளிவாகும்.

இந்த வகை ரோப்காரில் இரண்டு கேபின்கள்தான். ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வரும், கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டியதுபோல. இரண்டின் எடையும் ஒன்றையொன்று சமன் செய்வதால் மோட்டார் இழுப்பது வித்தியாசத்தை மட்டும்தான். இறங்கும் கேபினில் கூட்டம் அதிகமாக இருந்தால் மோட்டாரே பிரேக்காக வேலை செய்யும்.

முக்கியமான விஷயம் கேபிள் இரண்டு வகை என்பது. தடக் கேபிள் அசையாது, கேபினின் சக்கரங்கள் அதன்மேல் ஓடும். இழுவைக் கேபிள் கேபினை இழுக்கும். தடக் கேபிளின் வெளிக் கம்பிகள் உருண்டையாக இருக்காது. ஆங்கில ‘இசட்’ வடிவத்தில் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருக்கும். அதனால் மேற்பரப்பு கையால் தடவினால் ஒரு குழாய் மாதிரி வழவழப்பாக இருக்கும், தண்ணீரும் உள்ளே இறங்காது. அசையாத கேபிள் என்பதால் மிகப் பெரிய இழுவிசையில் கட்டலாம். இழுவிசை கூடினால் தொய்வு குறையும். தொய்வு குறைந்தால் டவருக்கு டவர் தூரத்தைக் கூட்டலாம். சுற்றி ஓடும் ஒற்றைக் கேபிளில் பல சின்னக் கேபின்கள் தொங்கும் சாதாரண கோண்டோலாவை அதே பாதையில் போட்டிருந்தால் ஐந்து டவருக்குப் பதில் ஒரு வரிசையே நட வேண்டியிருந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் அடித்தளம், ஒவ்வொன்றுக்கும் பராமரிப்புப் பாதை. அந்தச் சரிவில் அது நடக்கிற காரியமில்லை.

சக்கரபாணி_77:
இழுவிசை கணக்கெல்லாம் சரி. ஆனால் கூட்டத்தைச் சுமப்பதில் இந்த முறை ரொம்பப் பின்தங்கியது. கேபினுக்கு 80 பேர். பத்து நிமிடப் பயணம், ஏறி இறங்க ஐந்து நிமிடம் என்று வைத்தால் மணிக்கு நான்கு நடை, 320 பேர். பத்துப் பேர் உட்காரும் கோண்டோலா 15 விநாடிக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 2,400 பேர். பாதை நீள நீள உங்கள் இரட்டைக் கேபினின் கணக்கு இன்னும் மோசமாகும், கோண்டோலாவுக்கு அப்படி ஆகாது.

வட அமெரிக்காவில் பயணிகளுக்கான முதல் மலை ரோப்கார் நியூ ஹாம்ப்ஷையரின் கேனன் மலையில் 1938ல் வந்தது. 1980ல் அதை மாற்றிப் புதிதாகப் போட்டார்கள். அதுவும் 2025ல் ஓய்வு பெற்றுவிட்டது. இந்தத் தொழில்நுட்பத்தின் காலம் முடிகிறது. டவர்தான் பிரச்சினை என்றால் இரண்டு தடக் கேபிளும் ஒரு இழுவைக் கேபிளும் உள்ள மூன்று கேபிள் கோண்டோலா இருக்கிறது. கனடாவின் விஸ்லரில் 2008ல் கட்டியதில் டவரே இல்லாத ஒரு இடைவெளி 3 கிலோமீட்டருக்கு மேல். அதையே இங்கும் போடலாமே?

காட்டுவாசம்:
போடவே கூடாது. இந்த ரோப்காரில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் மணிக்கு 320 பேர் என்பதுதான். மேலே இறங்கியதும் புல்வெளியும் நடைபாதைகளும் இருக்கின்றன. வனப்பகுதிக்குள் நடக்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 2,400 பேரை இறக்கிவிட்டால் எந்தச் சீட்டாலும் அந்த மண்ணைக் காப்பாற்ற முடியாது.

அப்புறம், சாலை வெட்டவில்லை என்ற வாதத்துக்கு வருகிறேன். கீழ் நிலையம் வரை பள்ளத்தாக்கில் சாலை இருக்கிறதே! அந்த மலைத்தொடர் 1998ல் அழியும் நிலை இனமாக அறிவிக்கப்பட்ட தீபகற்பப் பெருங்கொம்பு ஆடுகளின் வாழிடம். அந்தச் சாலையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 2019 பிப்ரவரி வெள்ளத்தில் அது பல இடங்களில் அரித்துப்போய் ரோப்காரே வாரக்கணக்கில் நின்றது.

மலைவழி:
நீங்கள் சொல்லும் வெள்ளமே என் பக்கத்துக்குச் சாட்சி. ஆல்பர்ட் ஃபிரையும் ராப்சன் சேம்பர்ஸும் வடிவமைத்த கீழ் நிலையம் ஓடையின் குறுக்கே ஒரு மூடிய பாலம்போல நிற்கிறது. பக்கச் சுவர்களில் இரும்புச் சட்டங்கள் வெளியே தெரியும், நடுவில் கண்ணாடி. தண்ணீர் அடியில் போக வேண்டும் என்றே அப்படிக் கட்டினார்கள். தரையில் படுத்திருந்த சாலைதான் அரித்துப்போனது. அதே சாலையை மேலே இன்னும் ஆறாயிரம் அடி உயரத்துக்கு இழுத்திருந்தால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் என்ன நடந்திருக்கும்?

பாலைவனத்திலிருந்து ஸ்கைலைன் பாதையில் நடந்து ஏறுகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். கடுமையான வெயில் ஏற்றம் அது. மேலே வந்தபின் பெரும்பாலானவர்கள் இந்தக் கேபினில்தான் இறங்குகிறார்கள். களைத்த கால்களோடு அதே சரிவில் இறங்கச் சொல்வது ஆபத்து.

சக்கரபாணி_77:
பாதுகாப்பைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? இதே ரோப்காரில் 1984ல் அதிர்வுத் தாங்கியின் ஒரு பகுதி உடைந்து கூரையைத் துளைத்து விழுந்ததில் ஒரு பெண் பயணி இறந்தார். 2021 கடைசி நாள் இரவில் நியூ மெக்சிகோவின் சாண்டியா ரோப்காரில் 21 பேர் பனியில் விடிய விடியத் தொங்கினார்கள். அதே ஆண்டு மே மாதம் இத்தாலியில் மொட்டரோனேயில் 14 பேர் செத்தார்கள். இரண்டே கேபின், ஒவ்வொன்றிலும் இத்தனை உயிர். ஒன்று போனால் எல்லாம் போச்சு.

எஃகுவடம்:
மொட்டரோனேயைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் அங்கே தோற்றது வடிவமைப்பு இல்லை. கேபினைத் தாங்கும் வண்டியில் ஒரு பிரேக் இருக்கும். அதன் தாடைகள் தடக் கேபிளைக் கவ்வும்படி வலுவான ஸ்பிரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். எண்ணெய் அழுத்தம்தான் தாடைகளைத் திறந்து வைக்கிறது. இழுவைக் கேபிள் அறுந்தால் அழுத்தம் போய்விடும், ஸ்பிரிங் தானாகக் கவ்வும். எதுவும் வேலை செய்யாவிட்டாலும் வண்டி நிற்க வேண்டும் என்பதுதான் யோசனை. மொட்டரோனேயில் பிரேக் அடிக்கடி தேவையில்லாமல் கவ்வியதால், தாடைகள் மூடாதபடி இடையில் இரும்புக் கவையை மாட்டிவிட்டு வண்டியை ஓட்டினார்கள். கேபிள் அறுந்த அன்று கவ்வுவதற்கு எதுவும் இல்லை. கேபின் பின்னோக்கிச் சரிந்தது, ஒரு சிறுவன் மட்டும் பிழைத்தான். பிரேக் அடிக்கடி கவ்வினால் வண்டியை நிறுத்திக் காரணத்தைத் தேட வேண்டும். அதற்கு வேறு பதிலே கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

சாண்டியாவில் பனிக்கட்டி படிந்து கேபிள் தொய்ந்து வழியை மறித்தது. தடக் கேபிள் தாங்கியது, எல்லோரையும் உயிரோடு இறக்கினார்கள். 1984 விபத்துக்கு நான் சாக்குச் சொல்லப் போவதில்லை. தலைக்குமேல் இருக்கும் ஒவ்வொரு போல்ட்டும் கேபிள் அளவுக்கே முக்கியம். கேபிளுக்குள் அறுந்த கம்பியைக் காந்தச் சோதனையில் கண்டுபிடிக்கிறோம். டவர் மீது கேபிள் உட்காரும் இடத்தில் தேய்மானம் அதிகம் என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கேபிளையே கொஞ்சம் நகர்த்தி, தேய்ந்த பகுதியை டவரிலிருந்து விலக்கி வைக்கிறோம். கோண்டோலாவில் கேபின் சின்னது, உண்மை. ஆனால் நூறு கேபினுக்கு நூறு பிடிப்பான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுற்றிலும் கேபிளை விட்டுப் பிடிக்கிறது. சோதிக்க வேண்டிய இடங்கள் அங்கேதான் அதிகம்.

காட்டுவாசம்:
பாதுகாப்பில் எஃகுவடம் சொல்வதை ஏற்கிறேன். என் கவலை பணம். இது 81.5 லட்சம் டாலர் கடன் பத்திரத்தில் கட்டியது, வரிப்பணம் இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். டிக்கெட் வருமானத்தில் கடனை அடைக்க வேண்டும் என்றால் கேபினை நிரப்பியே ஆக வேண்டும். மேலே உணவகம், கடை எல்லாம் அப்படித்தான் வருகின்றன.

மலைவழி:
அந்தக் கடன் 1996லேயே முழுதாக அடைந்துவிட்டது. அதற்குப் பிறகு 2000ல் கேபினை மாற்றினார்கள். அப்போது பெரிதாக்கியிருக்கலாம். அதற்குப் பதில் தரை மெதுவாகச் சுழலும் கேபினைத் தேர்ந்தெடுத்தார்கள், நின்ற இடத்திலிருந்தே எல்லாப் பக்கமும் பார்க்கலாம். டவர் அதே ஐந்து, ஆள் அதே 80. கூட்டத்தைக் கூட்டுவது மட்டும்தான் அவர்கள் நோக்கம் என்றால் இதைச் செய்திருப்பார்களா?

காட்டுவாசம்:
அந்த 80ஐ எழுத்தில் உச்சவரம்பாக வைக்கட்டும், மேல் நிலையத்தில் இனி ஒரு சதுர அடிகூடக் கூட்டமாட்டோம் என்று சட்டத்தில் சேர்க்கட்டும். அதுவரை 1945ல் போட்ட கையெழுத்து தவறு என்றுதான் சொல்வேன்.