மியூ மினி பிளஸ், ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச், ஆர்36எஸ்: மூணில் எது?

சதுரப்பிக்சல்:
பழைய கேம்களை ஓட்டுற கையடக்கக் கருவி ஒண்ணு வாங்கணும். ஜிபிஏ (கேம் பாய் அட்வான்ஸ்), எஸ்என்இஎஸ் (சூப்பர் நிண்டெண்டோ), பிஎஸ்1 (முதல் பிளேஸ்டேஷன்). எனக்கு இந்த மூணும்தான் முக்கியம். பிஎஸ்பி (சோனியின் கையடக்க பிளேஸ்டேஷன்) ஓடினா சந்தோஷம், ஓடலைன்னா பரவாயில்லை. சட்டைப் பையில் போடுற அளவுல இருக்கணும். தலைப்பில் சொன்ன மூணுலயும் திரை 3.5 இன்ச், 640×480. அப்போ நிஜமான வித்தியாசம் எங்கே இருக்கு? ஆர்36எஸ் விலை குறைவு, ஸ்டிக்கும் ரெண்டு. அதுல வில்லங்கம் ஏதாவது உண்டா?

பழையகார்ட்ரிட்ஜ்:
திரை ஒண்ணு, சிப் வேற. மியூவில் ரெண்டு கோர் கார்டெக்ஸ் ஏ7, ராம் வெறும் 128 எம்பி. எச்-ல் ஆல்வின்னர் எச்700, நாலு கோர் ஏ53, ராம் 1 ஜிபி. ஆர்36எஸ்-ல் ராக்சிப் ஆர்கே3326; ராம் 1 ஜிபிதான், ஆனா கோர் எல்லாம் ஏ35.

நீங்க கேட்ட முதல் மூணுக்கு மியூவே தாராளம். மியூவுக்குன்னு ரசிகர்கள் செஞ்ச ஆனியன் ஓஎஸ் போட்டுட்டா, பவர் பட்டனைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சதும் சேவ் பண்ணிட்டு அணையும். திரும்ப ஆன் பண்ணா விட்ட இடத்துலயே நிற்கும். பையில் வச்சு அஞ்சு அஞ்சு நிமிஷமா ஆடுறவங்களுக்கு இதை மிஞ்சின வசதி கிடையாது.

ஒரே குறை, ஸ்டிக் இல்லை. பிஎஸ்1-ல் பெரும்பாலானவை டி-பேடிலேயே (நாலு திசை பட்டன்) ஆடலாம். ஆனா 1999-ல் வந்த ஏப் எஸ்கேப் மாதிரி ட்யூவல்ஷாக் (ரெண்டு ஸ்டிக் உள்ள கன்ட்ரோலர்) கட்டாயம்னு செஞ்ச கேமை மறந்துடுங்க.

எல்2ஆர்2:
மேலே சொன்னதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். மியூ நெட்டுக்குத்து வடிவம். எல்2, ஆர்2 பின்பக்கம் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும். எஸ்என்இஎஸ்-க்குத் தொந்தரவில்லை. பிஎஸ்1-ல் நாலு ஷோல்டர் பட்டனையும் பிசைகிற கேம் என்றால் அரைமணியில் விரல் மடங்கி வலிக்கும். பிஎஸ்1 உண்மையிலேயே முக்கியம் என்றால் படுக்கைவாட்டில் இருக்கும் எச் எடுங்கள்.

திரைக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். பிஎஸ்1-ன் 320×240 சரியாக இரண்டு மடங்கில் திரையை நிரப்பும். ஜிபிஏ 240×160, இரண்டு மடங்கு வைத்தால் 480×320, சுற்றிலும் கறுப்பு. அகலத்தை நிரப்பினால் 2.67 மடங்கு ஆகி, பிக்சல்கள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் தெரியும். திரை நகரும்போது மினுமினுக்கும். ரெட்ரோஆர்ச்சில் (எமுலேட்டர்களை ஓட்டும் மென்பொருள்) ஷார்ப் பைலீனியர் ஷேடர் என்ற பட வடிகட்டியைப் போட்டால் அது அடங்கும்.

பிஎஸ்பி 480×272. இந்தத் திரையில் மேலும் கீழும் தலா சுமார் 58 வரி வீணாகும். எச்700-ல் 2டி கேம்களும் லேசான 3டி-யும் ஓடும்: பிபிஎஸ்எஸ்பிபி என்ற பிஎஸ்பி எமுலேட்டரில் ரெசல்யூஷன் 1x, ஃப்ரேம்ஸ்கிப் 1. கனமான 3டி-க்கு எந்த செட்டிங்கும் உதவாது.

டிடிபிகோப்பு:
ஆர்36எஸ் வில்லங்கம் இதுதான்: ஒரே உறைக்குள் வேறு வேறு டிஸ்ப்ளே பேனலும் வேறு வேறு போர்டும் வருகின்றன. போலிகளும் ஏராளம். புது மெமரி கார்டில் ஆர்க் ஓஎஸ் (ரசிகர்கள் செய்த ஓஎஸ்) எழுதிப் போட்டால் சத்தம் கேட்கும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். காரணம், அந்தப் பேனலுக்கான டிடிபி கோப்பு (எந்தத் திரை, எந்த போர்டு என்று ஓஎஸ்-க்குச் சொல்வது) பொருந்தாதது. அதனால் பெட்டியைப் பிரித்ததும் பழைய கார்டை முழுசாக இமேஜ் எடுத்து வையுங்கள். பூட் பார்ட்டிஷனில் இருக்கும் டிடிபி கோப்புகளைத் தனியே நகலெடுத்து, புது கார்டின் பூட் பார்ட்டிஷனில் அதே பெயரில் மாற்றிப் போட்டால் பெரும்பாலும் திரை வந்துவிடும். போர்டே வேறு என்றால் இதுவும் பலிக்காது. வைஃபையும் உள்ளே இல்லை, டாங்கிள் வேண்டும். நோண்டுவதில் ஆசை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் கூட வரும் பெயரில்லாத கார்டில் கேம் ஆடாதீர்கள். சேவ் கோப்பு கெடுவதற்கு முதல் காரணமே அதுதான். நல்ல கார்டு வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டிக் கொள்ளளவு நிஜமா என்று பாருங்கள்.

பழையகார்ட்ரிட்ஜ்:
கார்டு பேச்சு வந்ததால ஒண்ணு. ஆனியனுக்கு கார்டு ஃபேட்32 ஃபார்மேட்ல இருக்கணும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி 32 ஜிபி-க்கு மேல அதைக் காட்டாது, ரூஃபஸ்-ங்கிற மென்பொருள் செஞ்சு தரும். ஆனியன் ஜிப்பை விரிச்சு நகலெடுக்கும்போது புள்ளியில் தொடங்குற மறைவு ஃபோல்டர் ஒண்ணு உண்டு. மேக்கிலும் லினக்ஸிலும் அது கண்ணுல படாம விட்டுப்போகும். அப்புறம் "ஆனியன் இன்ஸ்டால் ஆகலை"ன்னு கேள்வி வரும்.

சதுரப்பிக்சல்:
சரி, எச்-க்கே போறேன். பிஎஸ்1 கேமை .bin, .cue கோப்பா அப்படியே வைக்கலாமா? வாங்கினதும் மாத்த வேண்டிய செட்டிங் எது?

எல்2ஆர்2:
வைக்கலாம், ஆனால் சிஹெச்டி என்ற சுருக்கிய வடிவத்துக்கு மாற்றினால் இடம் மிச்சம், கோப்பும் ஒன்றே. இரண்டு மூன்று டிஸ்க் கேம் என்றால் எம்3யூ கோப்பில் வரிசையாகப் பெயர்களை எழுதி அதைத் திறங்கள். டிஸ்க் மாறினாலும் மெமரி கார்டு ஒன்றாகவே இருக்கும். பிஎஸ்1-ன் பயாஸ் கோப்பு (கன்சோலின் தொடக்க மென்பொருள்) சரியாக 512 கேபி இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் பல கேம் ஓடும், சிலவற்றில் மெமரி கார்டு சேவ் சொதப்பும்.

எச்-ல் இரண்டு கார்டு ஸ்லாட். ஓஎஸ் ஒன்றில், கேம் மற்றதில் வையுங்கள்; மியூஓஎஸ், நுல்லி என்று வேறு ஓஎஸ்களை மாற்றிப் பார்க்கும்போது கேம்களைத் தொட வேண்டியிருக்காது.

முதலில் மாற்ற வேண்டியது ரெட்ரோஆர்ச்சின் சேவிங் பகுதியில் உள்ள சேவ்ரேம் ஆட்டோசேவ் இடைவெளி. அது ஆஃபில் இருந்தால் கேமுக்குள் சேவ் செய்தது கேமை மூடும்போதுதான் கார்டில் ஏறும். நடுவில் பேட்டரி தீர்ந்தால் போச்சு. 10 விநாடி வையுங்கள்.

டிடிபிகோப்பு:
சார்ஜ் ஏறவில்லை என்று பதறுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். இந்த விலைக் கருவிகள் பலவற்றில் டைப்-சி போர்ட்டுக்கு வேண்டிய 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்கள் இருக்காது. சி-டு-சி கேபிளில் சார்ஜர் மின்சாரமே தராது. ஏ-டு-சி கேபிள், சாதாரண 5 வோல்ட் அடாப்டர் போதும்.