பான்ஷான் குடமா, பிற்காலப் போலியா? ஈரத்துணியில் சிவப்புச் சாயம் ஒட்டுகிறது

கேள்வி:
வணக்கம். சீனாவின் கன்சு மாகாணத்தைச் சேர்ந்த, 4500 ஆண்டுப் பழமையான பான்ஷான் குடம் என்று சொல்லி ஒரு பழம்பொருள் கடையில் விற்ற மட்பாண்டத்தைச் சென்ற மாதம் வாங்கினேன். அகன்ற தோளும் குறுகிய அடியும் உள்ள அதன் இடுப்பில் இரண்டு சிறு காதுகள் இருக்கின்றன. மேற்பாதி முழுவதும் கறுப்பிலும் சிவப்பிலும் பெரிய சுழல்கள். கீழ்ப்பாதியோ வெறும் மண். தூசியை ஈரத்துணியால் ஒற்றியெடுத்தபோது சிவப்பு துணியில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து எனக்கு மனம் அமைதியாக இல்லை. கீழ்ப்பாதியில் ஓவியம் இல்லாததையும் குறையாகக் கொள்ள வேண்டுமா?

மறுமொழி 1:
முதலில், இனி ஈரத்துணி வேண்டாம். கீழ்ப்பாதி வெறுமையாக இருப்பது குறையல்ல. அது அந்த மரபின் இயல்பே. 1923-24இல் சுவீடன் நாட்டு நிலவியலாளர் ஆண்டர்சன் கன்சுவில் திரட்டி, இன்று ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருக்கும் குடங்களிலும் இதைக் காணலாம். குடத்தைத் தரையில் வைத்து, நின்றபடி மேலிருந்து பாருங்கள்: கழுத்தை நடுவாகக் கொண்டு சுழல்கள் ஒரு மலர்போல விரியும். கீழ்ப்பாதி கண்ணிலேயே படாது. அந்த அழகுக்காகவே எனக்கு இக்குடங்கள் மீது தீராத பற்று.

கவலைக்குரியது சாயம்தான். பான்ஷான் குயவர்கள் பச்சைக்குடத்தை வழவழப்பாகத் தேய்த்து, இரும்புச் சத்துள்ள செங்காவியாலும் மாங்கனீசு கலந்த கருங்காவியாலும் வரைந்த பிறகே சூளையில் வைத்தார்கள். சூட்டில் மண்ணோடு இறுகிய அந்த நிறம் ஈரத்துணிக்கு எளிதில் கரைந்து வராது.

மறுமொழி 2:
நிறம் ஒட்டுவதாலேயே ஒரு சீனப் பாண்டத்தைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. ஹான் அரசமரபுக் காலத்துக் கல்லறைப் பாண்டங்கள் பலவற்றில் சுட்ட பிறகே வண்ணம் பூசினார்கள் என்பதால், அவை தொட்டாலே உதிரும். ஆனால் உங்களுடையது பான்ஷான் பாணி என்கிறீர்கள்; அங்கே இந்த விளக்கம் பொருந்தாது. உடல் பழையதாகவே இருந்து, மங்கிய ஓவியத்தின் மேல் யாரேனும் புதிதாகத் தீட்டியிருக்கவும் கூடும். உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். அக்குடங்களை மண்சுருள்களை அடுக்கிக் கையால் வனைந்தார்கள். அடி முதல் வாய் வரை குயவர் திரிகையின் சீரான வரிகள் தென்பட்டால் ஐயம் வலுக்கும்.

கேட்டவர்:
தடவிப் பார்த்தேன். உள்ளே மேடும் பள்ளமுமாக, விரல் அழுத்திய தடங்கள் தெரிகின்றன. சீரான வரிகள் இல்லை.

மறுமொழி 2:
அப்படியானால் வெப்ப ஒளிர்வுச் சோதனை செய்வது நல்லது. அடியிலிருந்து சிறிதளவு மண்தூளை எடுத்து, அது கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று கணிப்பார்கள். ஆனால் அது உடலின் வயதை மட்டுமே சொல்லும், ஓவியத்தின் வயதை அல்ல. ஆகவே சிவப்பைத் தனியே ஆராயச் சொல்லுங்கள்.

மறுமொழி 1:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இத்தகைய குடங்கள் பெரும்பாலும் கல்லறைகளில் இறந்தவரோடு வைக்கப்பட்டவை. கன்சுவிலும் அதன் அண்டை மாகாணமான சிங்ஹாயிலும் கல்லறைக் கொள்ளை நெடுநாளாக நடந்திருக்கிறது. சோதனைக்குக் கொடுப்பதற்கு முன்பே, குடம் சீனாவை விட்டு எப்போது, யார் வழியாக வெளியே வந்தது என்பதற்கான எழுத்துச் சான்றைக் கடைக்காரரிடம் கேளுங்கள். உண்மையான குடம் என்று தெரியவந்தால் அந்தத் தாள் இன்னும் அவசியமாகும்.